விளையாட்டுப் பெட்டியின் கதை – 17: நாணயத்துக்குப் பிறந்த விண்கலம்

சென்ற இதழில் கொனாமியின் ‘ஸ்கிராம்பிள்’ வரை வந்து நிறுத்தியிருந்தோம். ஆண்டு 1981. தரை இடப்பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும், கப்பல் வலப்பக்கமாகப் பறக்கும். முன்னால் சுடலாம், கீழே குண்டு போடலாம், எரிபொருள் தீர்வதற்குள் தரையிலுள்ள தொட்டிகளைத் தகர்த்து நிரப்பிக்கொள்ளலாம். அந்த ஆட்டத்துக்கு ஓர் இரண்டாம் பாகம் செய்யலாம் என்றுதான் ஹிரோயாசு மச்சிகுச்சியின் குழு கொனாமியில் உட்கார்ந்தது. எழுந்தபோது அவர்கள் கையில் இருந்தது வேறொன்று. 1985 மே மாதம் ஜப்பானிய ஆர்கேட் கூடங்களுக்கு அது ‘கிராடியஸ்’ என்ற பெயரில் வந்தது. வெளிநாடுகளுக்கு ‘நெமசிஸ்’ என்று பெயர் மாறிப் போயிற்று.

வீட்டுப் பெட்டிகளைப் பற்றிய தொடரில் ஆர்கேட் எந்திரத்துக்கு ஏன் இத்தனை இடம் என்று கேட்பீர்கள். கிராடியஸ் நாணயத்துக்காகப் பிறந்த ஆட்டம். அந்தப் பிறவிக் குணம் எதையும் விட்டுவிடாமல்தான் அடுத்த ஆண்டு அது வீட்டுக்கு வந்தது. இந்த அத்தியாயமே அதனால் விளைந்ததுதான்.

முதலில் எந்திரத்தைப் பார்த்துவிடுவோம். ‘பபுள் சிஸ்டம்’ என்றொரு புதுமையில் கொனாமி அப்போது பணத்தைப் போட்டிருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான காந்தக் குமிழி நினைவகம்தான் அதன் அடிப்படை. மெல்லிய காந்தப் படலம் ஒன்றில் நுண்ணிய குமிழிகளை நகர்த்துவார்கள். குமிழி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. மின்சாரம் நின்றாலும் தகவல் அழியாது. புது ஆட்டம் வந்தால் கூடத்துக்காரர் பலகை முழுவதையும் மாற்ற வேண்டாம், நினைவகக் கேசட்டை மட்டும் மாற்றினால் போதும் என்பது கணக்கு.

கணக்கு பலிக்கவில்லை. குமிழி நினைவகத்தின் விலை அதிகம், பக்கத்தில் வலுவான காந்தப்புலம் வந்தால் உள்ளே இருப்பது கெட்டுவிடும் என்ற பயம் வேறு. போதாக்குறைக்கு, குளிர்ந்த நிலையில் அது வேலையே செய்யாது. காலையில் கூடத்தைத் திறந்து சுவிட்சைப் போட்டால் எந்திரம் முதலில் சூடேறும். அதுவரை திரையில் எண்கள் இறங்குவரிசையில் ஓடும், கூடவே ஓர் இனிமையான இசை ஒலிக்கும். ‘மார்னிங் மியூசிக்’ என்று பெயர் பெற்ற அந்த மெட்டை இன்றும் ஜப்பானிய ரசிகர்கள் தேடிக் கேட்கிறார்கள். எந்திரத்தின் குறையை மறைக்கப் போட்ட இசைக்கு எந்திரத்தைவிட ஆயுள் கூடிவிட்டது. கொனாமி சீக்கிரமே வழக்கமான ரோம் பலகைக்குத் திரும்பியது.

இனி ஆட்டம். கிராடியஸ் என்ற கிரகத்தைப் பாக்டீரியன் என்னும் பகைக்கூட்டம் தாக்குகிறது, ‘விக் வைப்பர்’ என்ற ஒற்றை விண்கலம் கிளம்புகிறது. கதை அவ்வளவுதான். ஏழு கட்டங்கள். முதல் கட்டத்தின் முடிவில் இரண்டு எரிமலைகள் பாறைகளைக் கக்கும். மூன்றாவது கட்டத்தில் ஈஸ்டர் தீவின் மோவாய் சிலைகள் வானத்தில் மிதந்துகொண்டு வாயிலிருந்து வளையம் வளையமாக உமிழும். விண்வெளிக்கும் ஈஸ்டர் தீவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மோவாய் கொனாமியின் செல்லப்பிள்ளையாகி, சம்பந்தமில்லாத ஆட்டங்களில்கூடத் தலைகாட்டியது. ஐந்தாவது கட்டத்தில் நீள்கைகளை வீசும் உயிரிகள், ஆறாவதில் செல்கள், ஏழாவதில் கோட்டை. கோட்டையின் உள்ளறையில் பெரிய மூளை ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் கடைசிப் பகைவன். அது திருப்பிச் சுடுவதே இல்லை. இத்தனை பாடுபட்டு வந்தவனைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மூளையை நக்கலின் உச்சம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இவை எல்லாம் மேல்பூச்சு. கிராடியஸின் உயிர் திரையின் அடியில் இருந்த ஒரு பட்டையில் இருந்தது. அந்தப் பட்டையில் ஆறு கட்டங்கள்: வேகம், ஏவுகணை, இரட்டைச் சுடல், லேசர், ஆப்ஷன், கடைசியாக ஒரு கேள்விக்குறி. சில பகைவர்களைச் சுட்டால் சிவப்பு மாத்திரை ஒன்று விழும். அதை எடுத்தால் உடனே எதுவும் கிடைக்காது, பட்டையின் வெளிச்சம் ஒரு கட்டம் நகரும், அவ்வளவே. ஒன்றோடு நிறுத்திப் பட்டனைத் தட்டினால் வேகம் கூடும். நான்கு சேர்த்தால் லேசர். ஐந்து சேர்த்தால் ஆப்ஷன். ஆறு வரை பொறுத்தால் கேள்விக்குறி, அதாவது கலத்தின் முன்னால் ஒரு கேடயம். எதையாவது எடுத்துவிட்டால் வெளிச்சம் மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடும்.

ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். அவசரத்துக்கு முதலிலேயே தள்ளி எடுத்தால் கையில் வருவது குறைவு, பொறுத்தால் கூடுதல், ஆனால் பொறுத்திருக்கும்வரை குடும்பம் நடக்க வேண்டுமே! நான்காவது மாத்திரைக்காகக் காத்திருப்பவன் அதுவரை ஆமை வேகத்தில் ஊர்ந்து பிழைக்க வேண்டும். வேகத்தை அள்ளிக் குவித்துக்கொண்டவன் தன் வேகத்தாலேயே சுவரில் மோதிச் சாவான். லேசரும் இரட்டைச் சுடலும் ஒன்றாக இருக்க முடியாது, ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும்.

அதுவரை சுடும் ஆட்டங்களில் ஆயுதம் என்பது வழியில் கிடைக்கும் பரிசு. கிராடியஸில் அது ஆடுபவன் எடுக்கும் முடிவு. அதே காலத்தில் ஹட்சன் நிறுவனத்தின் தகாஹாஷி மெய்ஜின் விநாடிக்கு 16 முறை பட்டனை அழுத்தி ஜப்பானியச் சிறுவர்களின் கனவு நாயகராக இருந்தார். ஹட்சன் விரலைச் சோதித்த காலத்தில் கொனாமி பொறுமையைச் சோதித்தது. இரண்டில் எது நின்று நிலைத்தது என்று கேட்டால் என் ஓட்டு கொனாமிக்குத்தான்.

ஆப்ஷனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஒளிரும் ஓர் உருண்டை. கலத்தின் பின்னாலேயே வரும், கலம் சுடும்போதெல்லாம் தானும் சுடும், அதற்குச் சாவு கிடையாது. கலம் போன பாதையையே பிடித்துக்கொண்டு வருவதுதான் அதன் அழகு. கலம் நின்றால் அதுவும் இருந்த இடத்தில் நின்றுவிடும். கலம் கடந்த இடங்களை நினைவகத்தில் வரிசையாகக் குறித்துவைத்து, சில அடிகள் பிந்திய இடத்தில் உருண்டையை வரைந்தால் முடிந்தது. இந்தச் சின்ன ஏற்பாட்டிலிருந்து எத்தனை வித்தைகள்! மேலும் கீழும் ஆடி உருண்டைகளைத் திரை முழுக்கப் பரப்பி நிறுத்தலாம். ஒரு குகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் உருண்டை உள்ளேயே நின்று சுடும். ஆர்கேடில் இப்படி நான்கு உருண்டைகள்.

அடுத்தது சாவு. ஒரே ஓர் அடி பட்டால் கலம் வெடிக்கும். அதுவரை சேர்த்த வேகம், லேசர், ஆப்ஷன் அத்தனையும் போய்விடும். சற்றுப் பின்னால் ஓரிடத்தில் வெறுங்கலத்தோடு நிற்க வேண்டும், அதே பகைவர் கூட்டம் எதிரே வரும். முழு ஆயுதத்தோடு கடக்கவே திணறிய இடத்தை நிராயுதபாணியாகக் கடந்தாக வேண்டும். பெரும்பாலும் முடியாது. மிச்சமிருக்கும் லைஃப்களும் வரிசையாகப் போகும்.

இதை ஆர்கேட் கூடத்தில் வைத்துப் பார்த்தால் நியாயம் இருக்கிறது. ஒருவன் ஒரு 100 யென் நாணயத்தைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் ஆடினால் கடைக்காரர் பிழைப்பது எப்படி? நன்றாக ஆடுபவனையும் ஏதோ ஒரு கட்டத்தில் இறக்கிவிட்டாக வேண்டும். இறங்கியவன் இன்னொரு நாணயத்தைத் தேடிப் பையைத் துழாவ வேண்டும். கிராடியஸின் கொடுமைக்குள் ஒரு வியாபாரம் இருந்தது.

வீட்டில்?

1986 ஏப்ரல் 25 அன்று கிராடியஸ் நிண்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டிக்கு வந்தது. அந்தப் பெட்டியின் பிறப்பை முன்பே பார்த்திருக்கிறோம்: 1983 ஜூலை 15, விலை 14,800 யென். இந்த இடத்தில் அதன் உள்ளமைப்பை இன்னொரு தரம் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. ஆர்கேடில் ஓடியது மோட்டோரோலா 68000 செயலி. ஃபாமிகாமில் இருந்தது 6502 குடும்பத்தைச் சேர்ந்த 8-பிட் ரிக்கோ சில்லு, வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். வேலை நினைவகம் 2 கிலோபைட், அதாவது வெறும் 2,048 பைட். இந்த இதழின் இந்தப் பக்கத்திலுள்ள எழுத்துகளைக்கூட அதில் முழுதாக வைக்க முடியாது. கிராடியஸ் கேசட்டில் நிரலுக்கு 32 கிலோபைட், படங்களுக்கு 32 கிலோபைட், மொத்தம் 64.

உண்மையான நெருக்கடி நினைவகத்தில்கூட இல்லை, திரையில் இருந்தது. ஃபாமிகாம் நகரும் உருவங்களை ஸ்பிரைட் எனப்படும் சிறு துண்டுகளாக வரையும். ஒரு துண்டின் அகலம் 8 புள்ளி. திரை முழுவதற்கும் 64 துண்டுகள். ஒரே கிடைக்கோட்டில் 8 துண்டுகளுக்கு மேல் வந்தால் ஒன்பதாவது கண்ணுக்குத் தெரியாது. நிரலாளர்கள் ஒவ்வொரு முறையும் வரிசையை மாற்றி மாற்றி வரைந்து சமாளிப்பார்கள். அதனால்தான் கூட்டம் சேர்ந்தால் உருவங்கள் மினுக்மினுக்கென்று துடிக்கும்.

எண்ணிப் பாருங்கள். விக் வைப்பர் நீளமான கலம், அதற்கே சில துண்டுகள் போய்விடும். 16 புள்ளி அகலமுள்ள ஓர் உருண்டைக்கு இரண்டு துண்டுகள். கலம் நேராகப் பறக்கும்போது பின்னால் நான்கு உருண்டைகளும் ஒரே கோட்டில் வந்தால் அவற்றுக்கே எட்டுத் துண்டுகள் தீர்ந்துவிடும். பகைவனுக்கும் தோட்டாவுக்கும் எங்கே போவது? ஃபாமிகாம் கிராடியஸில் ஆப்ஷன் இரண்டோடு நின்றது. ஆர்கேடில் திரையைக் கிழித்துக்கொண்டு போன லேசரும் குறுகிய கோடாகச் சுருங்கியது.

ஆனால் ஏழு கட்டங்களும் வந்தன. மோவாய் வந்தது, நீள்கைகள் வந்தன, சும்மா இருக்கும் மூளையும் வந்தது. அந்தப் பட்டை அப்படியே வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் அடியில் அசையாத பட்டை ஒன்றை நிறுத்துவது அந்தப் பெட்டியில் சுலபமில்லை. தொலைக்காட்சி ஒவ்வொரு கோடாக வரைந்துகொண்டு வரும்போது, குறிப்பிட்ட கோட்டை எட்டும் கணத்தில் நிரல் குறுக்கிட்டு, இதற்குக் கீழே நகர்த்தாதே என்று சொல்ல வேண்டும். விநாடிக்கு 60 முறை, ஒரு முறையும் தவறாமல். இதற்கு உதவும் கூடுதல் சில்லு எதுவும் இந்தக் கேசட்டில் கிடையாது. பிற்காலக் கேசட்டுகள் அந்த வசதியோடு வந்தன.

இசையைப் பற்றியும் ஒரு வரி. ஆர்கேட் கிராடியஸுக்கு இசையமைத்தவர் மிக்கி ஹிகாஷினோ. அப்போது அவர் மாணவி, கொனாமியில் பகுதிநேர வேலை. பத்தாண்டு கழித்து 1995-இல் ‘சுய்கோடென்’ ஆட்டத்துக்கு இசை தந்தவரும் அவரே. ஃபாமிகாமில் இரண்டு துடிப்பலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், ஒரு பதிவொலி என்று ஐந்தே தடங்கள். அவருடைய மெட்டுகள் அதற்குள்ளும் தாங்கி நின்றன. மெட்டு நன்றாக இருந்தால் வாத்தியம் குறைந்தாலும் பாட்டு பிழைக்கும்.

ஆக, வன்பொருள் கேட்டதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள். விட்டுக்கொடுக்காத ஒன்று கொடுமை. ஒரே அடியில் சாவு, அத்தனை ஆயுதமும் பறிபோவது எல்லாம் அப்படியே வீட்டுக்கு வந்தன. வீட்டிலோ நாணயம் கிடையாது, வரிசையில் காத்திருப்பவர் கிடையாது, பிழைக்க வேண்டிய கடைக்காரரும் கிடையாது. காசு முழுவதையும் கொடுத்துக் கேசட் வாங்கியவனை எதற்காக அடித்துத் துரத்த வேண்டும்? காரணம் போய்விட்டது, வழக்கம் மட்டும் மிஞ்சியது.

இந்தப் பொருத்தமின்மையை முதலில் தன் உடம்பில் உணர்ந்தவர், ஆட்டத்தை ஃபாமிகாமுக்குக் கொண்டுவந்த நிரலாளரே. அவர் பெயர் கசுஹிசா ஹஷிமோட்டோ. எழுதிய நிரலைச் சோதிக்க வேண்டும். சோதிக்க வேண்டுமானால் கடைசிக் கட்டம் வரை போக வேண்டும். அவரால் போக முடியவில்லை. கிராடியஸ் கடினமான ஆட்டம், தான் அதை அதிகம் ஆடியவன் அல்ல, முடிப்பது தன்னால் ஆகாது என்று பின்னாளில் ஒரு பேட்டியில் ஒளிக்காமல் சொன்னார். அதனால் தனக்காக ஒரு கள்ள வழி வைத்தார். ஆட்டத்தை நிறுத்திவைத்துக் கட்டுப்பாட்டுக் கருவியில் இந்த வரிசையைத் தட்ட வேண்டும்: மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. ஆட்டத்தைத் தொடர்ந்தால் ஏறக்குறைய எல்லா ஆயுதங்களும் ஒரே நொடியில் கலத்தில் ஏறியிருக்கும். தான்தான் பயன்படுத்தப்போகிறோம், மறக்காமல் இருக்க வேண்டும் என்று எளிமையான வரிசையாகப் போட்டாராம்.

கேசட் தயாரிப்புக்குப் போகும் நேரத்தில் அதை நீக்கியிருக்க வேண்டும், நீக்கப்படவில்லை. கடைசி நிமிடத்தில் நிரலில் கை வைத்தால் வேறெங்காவது புதுக் கோளாறு முளைக்கும் என்ற பயத்தில் அப்படியே விட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு அந்தப் பயத்தின் நியாயம் தெரியும்.

1986 டிசம்பரில் கேசட் அமெரிக்காவுக்குப் போனது. 1988-இல் அங்கே ‘கான்ட்ரா’வின் வீட்டுப் பதிப்பு வந்தபோது கொனாமி அதே வரிசையை அதிலும் வைத்தது. இந்த முறை பலன் 30 லைஃப். உலகம் முழுக்கச் சிறுவர்கள் அதை மனப்பாடம் செய்தது கான்ட்ராவால்தான். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் ‘டி.வி. கேம்’ என்று விற்றவை பெரும்பாலும் ஃபாமிகாமின் நகல்களே. ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே பத்து இருபதுதான் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் கான்ட்ரா தவறாமல் இருக்கும். அந்தப் பெட்டியில் ஆடிய தமிழ்ப் பிள்ளைகளில் ஹஷிமோட்டோவின் வரிசையைத் தட்டியவர்கள் உண்டு, அவர் பெயரைக் கேட்டவர்கள் அரிது.

பிறகு அது கொனாமியின் சொந்தக் கேலிப்பொருளும் ஆயிற்று. 1990-இல் சூப்பர் ஃபாமிகாமுக்கு வந்த ‘கிராடியஸ் 3’-இல் பழைய பழக்கத்தில் அதே வரிசையைத் தட்டினால் ஆயுதம் ஏறும், அடுத்த கணம் கலம் தானாக வெடித்துச் சிதறும். இடது வலதுக்குப் பதில் கருவியின் தோளிலுள்ள எல், ஆர் பட்டன்களைத் தட்டினால்தான் காரியம் நடக்கும். 2012-இல் டிஸ்னியின் ‘ரெக்-இட் ரால்ஃப்’ படத்தில் ஓர் அரசன் தன் ரகசிய அறையைத் திறக்க இதே வரிசையைப் பயன்படுத்துகிறான். இன்று அதற்கு ‘கொனாமி கோட்’ என்று பெயர். எழுதியவர் பெயரை விட்டுவிட்டு நிறுவனத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஹஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் 61 வயதில் காலமானார்.

கிராடியஸ் 3-ஐச் சொன்னதால் ஒரு துணைச் செய்தி. உருவங்கள் பெருகினால் அந்த ஆட்டம் நத்தையாக ஊரும், சூப்பர் ஃபாமிகாமின் செயலி அந்தப் பளுவைத் தாங்கவில்லை. 2019-இல் பிரேசில் நிரலாளர் ஒருவர், நிண்டெண்டோவின் பிற்காலக் கேசட்டுகளில் இருந்த எஸ்ஏ-1 என்ற துணைச் சில்லைப் பயன்படுத்தும்படி நிரலைத் திருத்தி அந்தத் தடுமாற்றத்தைப் போக்கிவிட்டார். ஏறத்தாழ 30 ஆண்டு கழித்து ஆட்டம் தன் முழு வேகத்தில் ஓடியது. ஓடிய பிறகுதான் பலருக்கு உறைத்தது: அந்தத் தடுமாற்றம்தான் அதுவரை தங்களைப் பிழைக்கவைத்திருந்தது!

கிராடியஸின் பிள்ளைகள் பல. 1986-இல் ‘சலமேண்டர்’, 1988-இல் கேலிச் சித்திரமாக ‘பரோடியஸ்’, 2004-இல் டிரெஷர் நிறுவனம் செய்துகொடுத்த ‘கிராடியஸ் 5’. படத்திலும் ஒலியிலும் இவை ஃபாமிகாம் கேசட்டைவிட எவ்வளவோ மேல். இருந்தும், ஒரே ஒரு கிராடியஸ் ஆடக் கிடைத்தால் எது என்று கேட்பவர்களுக்கு நான் அந்த 64 கிலோபைட் கேசட்டையே சொல்வேன். இரண்டே உருண்டைகள் என்பதால் ஒவ்வொன்றையும் எங்கே நிறுத்துவது என்று யோசிக்கவைக்கிறது. நான்கு இருந்தால் அலட்சியம் வந்துவிடும். நிண்டெண்டோ ஸ்விட்சின் இணையச் சந்தா வைத்திருப்பவர்களுக்கு 2018 முதல் அது அங்கேயே கிடைக்கிறது. முதல் எரிமலையையாவது கோட் போடாமல் தாண்டிப் பாருங்கள், பிறகு தாராளமாகப் போடுங்கள். எழுதியவரே போட்டுக்கொண்டுதான் ஆடினார்.

அடுத்த இதழில் ஐரெம் நிறுவனத்தின் ‘ஆர்-டைப்’. 1987-இல் ஆர்கேடில் வந்த அந்த ஆட்டம், மறு ஆண்டு ஜப்பானில் பிசி எஞ்சின் பெட்டிக்கு வந்தபோது ஒரே கார்டில் வரவில்லை. இரண்டு கார்டுகளாகப் பிரித்து விற்றார்கள்.

(தொடரும்)